டிரேஸை ஓட விடுங்கள்

மகாதேவா தன்னை வேலையை விட்டு அனுப்பி மூன்று வருஷம் கழித்து, அதே கம்பெனியின் கம்ப்யூட்டரைச் சோதிக்கும் வேலை வாகீஸ்வரிக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. கேட்டு வாங்கினாள்.

அவள் அப்போது பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருந்தாள். விற்கிறவர்கள் சொல்லும் வேகம் கம்ப்யூட்டரில் உண்மையிலேயே இருக்கிறதா என்று, வாங்குகிறவர்களுக்காக அளந்து சொல்வது அவர்கள் தொழில். அது செம்பனை எண்ணெய் விலை விழுந்து கிடந்த 1986ஆம் வருஷம். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் தோட்டங்களும், சிலாங்கூரில் மூன்று எண்ணெய் ஆலைகளும் வைத்திருந்த ஒரு கம்பெனிக்கு லிம் என்பவர் புதிய நிதி இயக்குநராக வந்திருந்தார். முதல் ஆலையில் ஓடிக்கொண்டிருந்த பேக்கேஜை, அதாவது வெளியில் விலைக்கு வாங்கிய ஆயத்தப் புரோகிராமை, மற்ற இரண்டு ஆலைகளுக்கும் வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் மேலாளர் மகாதேவா எழுதிக் கேட்டிருந்தார். வெளியாள் ஒருவர் அளந்து சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார் லிம்.

அந்தக் கம்பெனியின் பெயரைக் கேட்டதும் வாகீஸ்வரி தன் மேலாளர் டேவிட்டின் அறைக்குப் போய் நின்றாள்.

"இதை நான் செய்கிறேன்."

"அங்கே உனக்கு யாரையாவது தெரியுமா?"

"தெரியும். அங்கேதான் வேலை செய்தேன். துரத்திவிட்டார்கள்."

டேவிட் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் உன்னை அனுப்பக் கூடாது."

"கருவியை நான் மாட்டுகிறேன். கடிகாரத்தை அவர்கள் பிடிக்கட்டும். கணக்கை அவர்கள் முன்னாலேயே போடலாம். என் கை எதிலும் படாது."

டேவிட் லிம்மிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னார். ஆலையைத் தெரிந்தவள் என்றால் நேரம் மிச்சம் என்று லிம் சொல்லிவிட்டார். மகாதேவாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல அவரால் முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் நடந்தது இதுதான்.

ஆலை வாசலில் செம்பனைப் பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கும் தராசு இருந்தது. தராசுக் கொட்டகையில் இருக்கும் கிளார்க் லோரியின் எண்ணைத் தட்டினால், பக்கத்துக் கட்டடத்தில் குளிரூட்டிய அறையில் இருந்த கம்ப்யூட்டர் எந்தத் தோட்டம், வெறும் லோரியின் எடை எவ்வளவு, பழம் எவ்வளவு என்று பதில் அனுப்பும். சீட்டு அச்சாகி வரும். லோரி உள்ளே போகும். அந்தப் புரோகிராமை எழுதியவள் வாகீஸ்வரி. படித்து முடித்து வந்து செய்த முதல் பெரிய வேலை அது. லோரி டிரைவர்களுக்கு அவள் பெயர் தெரியாது. ஆனாலும் முன்பெல்லாம் தராசில் நின்ற நேரத்தில் ஒரு சிகரெட்டை முடிக்கலாம், இப்போது பற்ற வைக்கக்கூட நேரமில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

மகாதேவா அதற்குள் வெளியில் ஒரு பேக்கேஜ் கம்பெனிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அறுவடை உச்சத்தில் இருந்த மாதத்தில், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி டிரேஸ் என்ற புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். இன்னொரு புரோகிராம் செய்யும் ஒவ்வொரு சிறு வேலையையும், அது நடந்த நேரத்தோடு, டிஸ்க்கில் எழுதிக்கொண்டே போவதுதான் டிரேஸின் வேலை. அதுவும் அதே கம்ப்யூட்டரில்தான் ஓட வேண்டும். அதே டிஸ்க்கில்தான் எழுத வேண்டும். வாகீஸ்வரியின் புரோகிராம் திணறத் தொடங்கியது. ஆலை வாசலிலிருந்து ரோட்டு வரை லோரிகள் நின்றன. வெயிலில் கிடந்த பழம் கெட்டது. ஆலை மேலாளர் கத்தினார்.

பணியாளர் கூட்டத்தில் அவள் எழுந்து சொன்னாள். "ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவனிடமே ஒவ்வொரு அடிக்கும் நின்று மணி பார்த்து எழுதிவிட்டு ஓடு என்றால் அவன் எப்படி ஓடுவான்? டிரேஸை முழு அளவில் ஓட விட்டிருக்கிறார்கள். அதுதான் நேரத்தைத் தின்கிறது."

மகாதேவா எல்லார் முன்னாலும் சிரித்தார். "டிரேஸ் பேருக்குத்தான் ஓடினது. முழு அளவிலை ஒருத்தரும் போடேல்லை. தன்ரை பிழையை மறைக்கப் பிள்ளை பொய் சொல்லுது."

மெதுவான புரோகிராம் எழுதினாள் என்று சொல்லியிருந்தால் அவள் ஒருவேளை மறந்திருப்பாள். பொய்க்காரி என்றார். அந்த ஒரு சொல்லோடு வேலை போனது. பிறகு அந்தச் சொல் அவளுக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. சிரம்பானில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் எல்லாம் பேசி முடித்து, பெண் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்போமே என்று மகாதேவா வீட்டுக்குப் போன் செய்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கோல சிலாங்கூரில் இருந்த அவள் வீட்டுப் பக்கம் வரவில்லை. மலேசியாவில் யாழ்ப்பாணத்தார் எத்தனை குடும்பம்? ஒருவரை ஒருவர் தெரியாதவர் இல்லை. இரண்டு வருஷம் அவள் கிள்ளானில் டைப்ரைட்டிங் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய அப்பா வைரவநாதன் தோட்டத்தில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் கணக்கராக, இருந்து ஓய்வு பெற்றவர். இளைஞனாக வேலை தேடி வந்த மகாதேவாவைத் தன் குவாட்டர்ஸில் தங்க வைத்துச் சோறு போட்டவரும் அவர்தான். மகளுக்காக ஒரு வார்த்தை பேசலாம் என்று மகாதேவாவின் வீட்டுக்குப் போனவர், திரும்பி வந்து அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

சோதனைக்குப் போகும் காலையில் அவர் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ போகத்தான் வேணுமோ பிள்ளை? வேறை ஆரும் போகலாம்தானே."

"போகலாம் அப்பா. நான்தான் கேட்டு வாங்கினனான்."

"விட்டுடு எண்டு சொல்லுறன். அவனோடை எங்களுக்கு என்னத்துக்கு இனி?"

"நான் அளக்க மட்டும்தான் போறன்."

அப்பா அவள் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை. வழியை மட்டும் விட்டார்.

இஜோக் வழியாகப் போகும்போது அவள் தன் கைகளைப் பார்த்தாள். ஸ்டீயரிங்கில் விரல்கள் வெளுத்திருந்தன. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். மகாதேவாவைப் பிடிக்க வேண்டும் என்ற ஆசை அவள் விரல் நுனி வரை இருந்தது. ஸ்டாப்வாட்ச் அவள் கையில் இருந்தால் அது அவளுக்குச் சாதகமாகத்தான் நிற்கும், அவள் நினைக்காவிட்டாலும். அதனால்தான் கடிகாரத்தை லிம்மிடம் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தாள். அது நியாயத்துக்காக அல்ல. ஒரு நூல் அளவு சந்தேகம் இருந்தாலும் மகாதேவா அதைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடுவார். தப்ப ஒரு ஓட்டைகூட விடக் கூடாது.

ஆலை வாசலில் பழம் வேகும் வாடை அப்படியே இருந்தது. கம்ப்யூட்டர் அறைக் கதவைத் திறந்தவன் காளியண்ணன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து ஆப்பரேட்டர் ஆனவன். அன்று டிரேஸை ஏற்றியது அவன் கைதான்.

"வாங்க மிஸ். நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்."

அவன் கதவைச் சாத்திவிட்டு நின்றான். "மிஸ், அன்னிக்கு நான் கூட்டத்துல எந்திரிச்சிச் சொல்லியிருக்கணும். பயந்துட்டேன் லா. அப்பத்தான் கல்யாணம் ஆன புதுசு. மனசுக்குள்ள அப்படியே இருக்கு."

"உன் மனசுல இருக்கறத வச்சி நான் என்ன செய்யறது?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிப்பெல்லாம் வேணாம் காளியண்ணன். உன்னைக் கேட்டா உண்மையைச் சொல்லு. அவ்வளவுதான்."

"வேலை போயிரும் மிஸ்."

"எனக்கும் போச்சு," என்றாள் வாகீஸ்வரி.

லிம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தராசுக் கொட்டகைக்கு வந்தார். பின்னாலேயே மகாதேவா வந்தார். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. கழுத்தில் டை கட்டியிருந்தார்.

"எப்பிடி இருக்கிறீர் வாகீஸ்? அப்பா சுகமா?"

சின்ன வயதிலிருந்து அவரை அங்கிள் என்று கூப்பிட்டவள் அவள். "சுகம், மிஸ்டர் மகாதேவா," என்றாள். அவருடைய சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றது, கழற்ற மறந்ததுபோல.

அவள் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். தராசுக் கொட்டகைத் திரைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே ஓடும் வயரில் அதைக் கவ்வ வைத்தாள். பிறகு லிம்முக்கு ஆங்கிலத்தில் விளக்கினாள். கிளார்க் பொத்தானைத் தட்டியதும் வயரில் எழுத்து போகும். பதில் அதே வயரில் திரும்பி வரும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று இந்தப் பெட்டி பார்த்துக்கொள்ளும். இது கம்ப்யூட்டரிடம் எதையும் கேட்காது, எதையும் எழுதச் சொல்லாது. இப்படி ஒன்று இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

"அதை நான் எப்படி நம்புவது?" என்றார் லிம்.

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல ஸ்டாப்வாட்சை எடுத்து அவரிடம் நீட்டினாள். "நீங்களே பாருங்கள். பெட்டி இருக்கும்போது கொஞ்ச நேரம். கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம்."

லிம் வரிசையாக லோரிகளை நிறுக்க வைத்துப் பார்த்தார். பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கடிகாரம் ஒரே மாதிரிதான் நின்றது. தலையை ஆட்டினார். மகாதேவாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் ஆட்டத்தான் வேண்டியிருந்தது.

முதலில் பழைய புரோகிராமை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று லிம்மின் ஒப்பந்தத்திலேயே இருந்தது. கணக்காய்வாளர்களுக்காகப் பழைய டேப்புகளை எறியாமல் வைத்திருந்தார்கள். காளியண்ணன் ஏற்றினான். ஒரு லோரி வந்தது. கிளார்க் தட்டினான். பதில் உடனே வந்தது, மூன்று விநாடிகூட இல்லை. அடுத்த லோரிக்கும் அப்படித்தான். அதற்கடுத்ததற்கும். தான் எழுதிய வரிகள் திரையில் வந்து போவதை வாகீஸ்வரி மூன்று வருஷத்துக்குப் பிறகு பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தில் எதுவும் தெரியக் கூடாது என்று பெட்டியின் எண்களை உரக்கப் படித்தாள்.

பிறகு மகாதேவாவின் பேக்கேஜ். அதுவும் நன்றாகவே ஓடியது. அவள் எண்களைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். மறுபடி படித்தாள். பேக்கேஜ் அவளுடையதைவிட வேகமாக இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு லோரிக்கும் அப்படித்தான் வந்தது. பெட்டி பொய் சொல்லாது. லிம் கையில் இருந்த கடிகாரமும் அதையே சொன்னது.

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

மகாதேவாவின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா மிஸ்டர் லிம்? புதியதுதான் வேகம்."

மூன்று வருஷத்துக்கு முன் மகாதேவா எழுதிய ஒப்பீட்டு அறிக்கையை லிம் கையில் வைத்திருந்தார். "வேகம்தான். ஆனால் ஒன்று புரியவில்லை. பழைய புரோகிராம் ஒரு லோரிக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் எடுத்தது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. இப்போது மூன்றுகூட ஆகவில்லையே?"

மகாதேவா யோசிக்காமல் சொன்னார். "அந்தப் பெட்டியை நான் நம்ப மாட்டேன். எங்கள் கணக்கெல்லாம் டிரேஸ் கொடுத்த கணக்கு. கம்ப்யூட்டருக்கு உள்ளே நடப்பதை வெளியே நிற்கிற பெட்டி எப்படிச் சொல்லும்?"

வாகீஸ்வரி இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் வந்திருந்தாள். குரலை முடிந்த மட்டும் மெதுவாக வைத்துக்கொண்டாள்.

"அப்படியென்றால் டிரேஸையும் ஓட விடுங்கள், மிஸ்டர் மகாதேவா. இப்போது இருக்கிற பேக்கேஜோடு சேர்த்து. பெட்டியும் இருக்கட்டும். எது பிழை என்று தெரிந்துவிடும்."

"நல்ல யோசனை," என்றார் லிம்.

மகாதேவா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டர் அறைப் பக்கம் திரும்பி, "காளியண்ணன், டிரேஸைப் போட்டு விடு," என்றார். சொல்லும்போது புருவத்தை லேசாக உயர்த்தினார். வழக்கம்போல என்று அர்த்தம்.

காளியண்ணன் நகரவில்லை. வாசற்படியில் நின்றபடியே எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். "எப்படிப் போடறது சார்? முழுசாவா, பேருக்கா?"

மகாதேவாவின் கண் சிவந்தது. லிம்முக்குத் தமிழ் தெரியாது. "என்ன கேட்கிறான்?" என்றார்.

"டிரேஸில் இரண்டு வகை இருக்கிறது," என்று வாகீஸ்வரி சொன்னாள். "எல்லாவற்றையும் எழுதுவது ஒன்று. தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் எழுதுவது இன்னொன்று. எதைப் போடட்டும் என்று கேட்கிறார்."

"சோதனை என்றால் முழுவதும்தான்," என்றார் லிம். "முழுசாகப் போடு."

காளியண்ணன் உள்ளே போனான்.

அடுத்து வந்த லோரி தராசில் ஏறியது. கிளார்க் எண்ணைத் தட்டினான். திரை அப்படியே இருந்தது. கிளார்க் மறுபடி தட்டப் போனான், வாகீஸ்வரி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். காத்திருந்தார்கள். பதில் வருவதற்குள் பின்னால் இன்னொரு லோரி வந்து நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் இன்னொன்று. உள்ளே டிஸ்க் ஓயாமல் கடகடத்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். கொட்டகையில் அது கேட்கவில்லை. ஹாரன் சத்தம்தான் கேட்டது.

"தராசு செத்துப் போச்சாண்ணே?" என்று ஒரு டிரைவர் தலையை நீட்டிக் கேட்டார்.

லோரிகள் வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயின. ஆலை மேலாளர் போனில் கத்தினார். மகாதேவா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"போதும், நிறுத்தலாம்," என்றார்.

"இன்னும் கொஞ்சம் லோரி பார்த்தால்தான் கணக்கு சரியாக இருக்கும்," என்றாள் வாகீஸ்வரி. கணக்குக்கு அதற்குள்ளேயே போதுமான லோரிகள் வந்துவிட்டன. அவளுக்குத்தான் போதவில்லை. ஒவ்வொரு லோரியாக அவர் கண் முன்னால் நிற்பதை, வெயில் பழத்தின் மேல் ஏறுவதை, அவர் ஒவ்வொரு நிமிஷத்தையும் விழுங்குவதை அவள் பார்க்க வேண்டியிருந்தது. அன்று அவளும் இதே கொட்டகையில் இதே ஹாரன்களைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

லிம் கடிகாரத்தைப் பார்த்தார். "மிஸ்டர் மகாதேவா, இதையா நான் இன்னும் இரண்டு ஆலைகளுக்கு வாங்க வேண்டும்? இது பழையதைவிட மோசமாக இருக்கிறதே."

மகாதேவா வெடித்தார். "பேக்கேஜில் ஒரு குறையும் இல்லை! டிரேஸ்! டிரேஸ் முழுசாக ஓடுகிறது, அதுதான் கம்ப்யூட்டரைத் தின்கிறது! இதை ஓட விட்டால் எந்தப் புரோகிராமும் இப்படித்தான் கிடக்கும்! எந்தப் புரோகிராமாக இருந்தாலும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்குக் கேட்டது.

கூட்டத்தில் எழுந்து நின்று வாகீஸ்வரி சொன்னது, அவர் பொய் என்று சொன்னது, இப்போது அவர் வாயிலிருந்தே வந்து கொட்டகையின் நடுவில் கிடந்தது. அதன் பக்கத்தில் தன் வார்த்தை எதையும் வைக்க அவளுக்கு மனமில்லை.

லிம் பழைய அறிக்கையை மெதுவாகப் புரட்டினார். "அப்படியென்றால் அன்று பழைய புரோகிராமை அளந்தபோது டிரேஸ் எப்படி ஓடியது?"

"எனக்கு ஞாபகம் இல்லை," என்றார் மகாதேவா.

லிம் காளியண்ணனைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். காளியண்ணன் மகாதேவாவைப் பார்க்கவில்லை, வாகீஸ்வரியையும் பார்க்கவில்லை. வெளியே நின்ற லோரிகளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். மிஸ்ஸுடைய புரோகிராமுக்கு முழுசாக. பேக்கேஜுக்குப் பேருக்கு. அப்படிப் போடச் சொன்னது மேலாளர்.

"இப்போது டிரேஸை நிறுத்து," என்றார் லிம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகாதேவாவும் அவர் மனைவி அன்னபாக்கியமும் கோல சிலாங்கூர் வீட்டுக்கு வந்தார்கள். வாகீஸ்வரி அறிக்கையை இன்னும் அனுப்பவில்லை. கார் சத்தம் கேட்டதும் எழுந்து முன்னறைக்கு வந்துவிட்டாள். அவரைக் காக்க வைக்கக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை. அப்பா நாற்காலியைக் காட்டினார். அதற்கு மேல் உபசாரம் எதுவும் சொல்லவில்லை.

"அண்ணை, நான் சுத்தி வளைக்கேல்லை," என்று மகாதேவா அப்பாவிடம் தொடங்கினார். "பிள்ளை பேக்கேஜின்ரை வேகத்தை எழுதட்டும். அதுக்குத்தானே கேட்டவை. பழைய விஷயம் அதுக்குள்ளை என்னத்துக்கு?"

"என்னைக் கேளுங்கோ," என்றாள் வாகீஸ்வரி. "எழுதுறது நான்."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "எனக்கு ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குது, வாகீஸ். நான் செய்தது பிழைதான். பேக்கேஜ்காரருக்கு வாக்குக் குடுத்திட்டன். உம்மடை புரோகிராம் திறம் எண்டு டிரைவர்மார் வரை கதைச்சினம். நான் பயந்திட்டன்."

"பயந்து?"

"பயந்துதான் அப்பிடிச் செய்தனான்."

"அதுக்கு முதல் ரெண்டையும் ஒரே மாதிரி ஒருக்கா அளந்து பாத்தனீங்களா? டிரேஸ் இல்லாமல்?"

மகாதேவா புரியாமல் பார்த்தார். "இல்லை. அதுக்கு நேரம்..."

"பாத்திருக்கலாம்." அவள் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தின் ஒரு அசைவைக்கூடத் தவறவிடக் கூடாது என்று இருந்தது. "உங்கடை பேக்கேஜ் என்ரையை விட வேகம். கனக்க இல்லை. ஆனா வேகம். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருந்தாலே வெண்டிருப்பீங்கள். அண்டைக்கு என்னாலை ஒரு வார்த்தை சொல்லேலாமல் போயிருக்கும். அதையும் அறிக்கையிலை எழுதியிருக்கிறன்."

கொட்டகையில் மகாதேவா வியர்த்ததையும் கத்தியதையும் அவள் பார்த்திருந்தாள். அவற்றில் அகப்படாத ஒன்று இப்போது அவர் முகத்தில் நடந்தது. கன்னம் தளர்ந்து, உதடு ஏதோ கணக்குப் போடுவதுபோல அசைந்து, பாதியில் விட்டுவிட்டது. அன்று வேகமும் பேக்கேஜும் பேரும் எல்லாம் நேர் வழியிலேயே அவருக்குக் கிடைத்திருக்கும். களவெடுத்தது ஏற்கனவே தன்னுடையதாக இருந்த பொருளை.

அன்னபாக்கியம் அழத் தொடங்கினார். "இவ்வளவு வன்மம் ஆகாது பிள்ளை. நாங்கள் ஆர்? ஒரு சனம்தானே."

"ஆன்ட்டி, சிரம்பானிலையிருந்து போன் வந்த அண்டைக்கு எடுத்துக் கதைச்சது நீங்களோ, அங்கிளோ?"

அன்னபாக்கியத்தின் அழுகை நின்றுவிட்டது. சேலைத் தலைப்பை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவர்கள் போன பிறகு அப்பா, காலிக் கோப்பைகள்கூட இல்லாத மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கொஞ்சம் குறைச்சிருக்கலாம்," என்றார்.

"குறைக்கிறதுக்கு நான் ஒண்டையும் கூட்டேல்லை அப்பா. அளந்ததைத்தான் சொன்னனான்."

அறிக்கை திங்கட்கிழமை போனது. பேக்கேஜ் வேகமானது என்று அதில் இருந்தது, வாங்கலாம் என்றும் இருந்தது. 1983இல் இரண்டு புரோகிராம்களும் ஒரே மாதிரி அளக்கப்படவில்லை என்றும், அப்போது அதைச் சுட்டிக்காட்டிய ஊழியர் சொன்னது உண்மை என்றும் இருந்தது. லிம் பேக்கேஜை மற்ற இரண்டு ஆலைகளுக்கும் வாங்கினார். பணியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டி அந்தப் பகுதியை உரக்கப் படிக்கவும் செய்தார். வாகீஸ்வரி அதை மட்டும்தான் கேட்டிருந்தாள். திரும்பி வேலைக்கு வருகிறாயா என்று அவர் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். காளியண்ணனின் வேலை போகவில்லை. அவன் அவளுக்குப் போன் செய்தான். அவள் எடுத்தாள். நல்லது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சிரம்பான்காரனுக்கு அதற்குள் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. அந்தப் பக்கம் திரும்பி வருவதற்கு எதுவும் இல்லை.

மகாதேவா உடல்நிலையைக் காரணம் காட்டி வேலையை விட்டுவிட்டார், வீட்டை விற்றுவிட்டு மகனோடு ஜொகூருக்குப் போகப் போகிறார் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் செய்தி வந்தது. தஞ்சோங் காராங்கில் மீன் வாங்கப் போன இடத்தில் கேள்விப்பட்டு வந்து அப்பாதான் சொன்னார். இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அப்பா சோற்றைப் பிசைந்தார். வாயில் வைக்கவில்லை.

"அண்டைக்கு அவன்ரை வீட்டுக்கு நான் போனேக்க," என்றார், "உள்ளுக்குக் கூப்பிடேல்லை. வாசல்லை நிக்க வைச்சுக் கதைச்சவன். வேலைக்காரி பாத்துக்கொண்டு நிண்டவள்."

வாகீஸ்வரி கையை நிறுத்தினாள். மூன்று வருஷமாக அவர் சொல்லாதது இது.

"பிள்ளை."

"என்ன அப்பா?"

"பேக்கேஜ்தான் வேகம் எண்டு நீ சொல்லேக்க, அவன்ரை முகம் எப்பிடி இருந்தது? நான் அந்த நேரம் பாத்து அன்னபாக்கியத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

அவள் சொன்னாள். கன்னம் தளர்ந்ததை, உதடு அசைந்ததை, பாதியில் நின்றதை. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு முதல் கவளத்தை எடுத்து வாயில் வைத்தார்.

"இன்னொருக்கா சொல்லு," என்றார்.